ராஜாவின் கையைக் கட்டியது சாசனமா, வரித் தவணையா?

#1 கணக்கப்பிள்ளை

சட்டமன்றம் கூடும் மாதங்களில் செய்தித்தாளைத் திறந்தால் தினமும் ஒரு "மானியக் கோரிக்கை" இருக்கும். இன்று காவல்துறை, நாளை நெடுஞ்சாலை. தன் கஜானாவில் இருக்கும் பணத்தைச் செலவழிக்க அரசு எதற்குக் கோர வேண்டும், சபை அதை எதற்கு மானியமாக வழங்க வேண்டும்? இந்தச் சொல்லின் வேரைத் தேடினால் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போய் நிற்போம். கோரியவர் ராஜா. கொடுத்தவர்கள் மாவட்டத்துக்கு இரண்டு பேராக வந்த நிலக்காரர்கள்.

மன்னர்கள் தேர்தல் சபையோடு அதிகாரத்தைப் பங்கிட்டது எப்படி என்று கேட்டால் 1215 மாக்னா கார்ட்டா (ராஜா ஜான் பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்த சாசனம்), 1689 உரிமைச் சட்டம் என்று இரண்டு வருடங்களைச் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் பெரிய விஷயம்தான். ஆனால் எழுதிக் கொடுத்த வாக்கை ராஜாக்கள் மீறினார்கள், திரும்பத் திரும்ப மீறினார்கள். மீறவே முடியாமல் போனது எப்போது என்றால், வரியை எத்தனை வருடத்துக்குக் கொடுப்பது என்பதை சபை சுருக்கிப் பிடித்த பிறகுதான். தவணைதான் கயிறு என்பது என் வாதம்.

மாக்னா கார்ட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் பிரிவு சொல்வது: ராஜா சிறைப்பட்டால் மீட்புப் பணம், மூத்த மகனுக்கு நைட் பட்டம், மூத்த மகளின் முதல் திருமணம், இந்த மூன்றுக்குத் தவிர வேறெதற்கும் நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் உதவிப்பணம் வாங்கக்கூடாது. 14ஆம் பிரிவு அந்த ஆலோசனையைக் கூட்டும் முறை: பெரிய பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும் தனித்தனிக் கடிதம், மற்றவர்களுக்கு ஷெரீஃப் (ராஜாவின் மாவட்ட அதிகாரி) வழியாகப் பொது அழைப்பு, குறைந்தது 40 நாள் அவகாசம். அருமையான பிரிவுகள். மறு வருடமே, 1216இல் சாசனத்தைத் திரும்ப வெளியிட்டபோது, இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

#2 கல்வெட்டு

1216ஐச் சொன்னவர் 1225ஐயும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வாதத்துக்கு அதுதான் முதல் சாட்சி. மூன்றாம் ஹென்றி சாசனத்தை மறுபடி உறுதி செய்தார், பதிலுக்கு அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரியாகக் கிடைத்தது. வசூல் சுமார் 40,000 பவுன். சாசனம் கொடு, பணம் வாங்கிக்கொள் என்ற பண்டமாற்று அந்த ஆவணத்திலேயே எழுத்தில் இருக்கிறது.

தேர்ந்தெடுத்த ஆட்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதும் பணக் கதைதான். 1254இல் ராஜா பிரான்ஸின் தென்மேற்கில் கஸ்கனியில் போரில் இருக்கிறார், பணம் வேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு நைட்டுகளைத் தேர்ந்து அனுப்பச் சொல்லி ஓலை போகிறது. 1265இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் நகரங்களிலிருந்தும் இரண்டிரண்டு பேரைக் கூப்பிடுகிறார். அவர் கலகக்காரர், அதே ஆண்டு போரில் இறந்தும் போனார். ஆனாலும் அவரைத் தோற்கடித்த எட்வர்டே ராஜாவான பின் 1295இல் அதே வடிவத்தில் சபையைக் கூட்டுகிறார்.

அந்த அழைப்போலையில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு: வருகிறவர் தன் ஊராரிடமிருந்து "முழு அதிகாரம்" பெற்று வர வேண்டும். ராஜாவுக்கு அது ஏன் தேவை? இல்லாவிட்டால் வந்தவர் "ஊரில் கேட்டுச் சொல்கிறேன்" என்று திரும்பிவிடுவார், வரி தள்ளிப்போகும். வசூல் வசதிக்காக ராஜா போட்ட நிபந்தனை இது. ஆனால் ஊரையே கட்டுப்படுத்தும் ஒப்புதலைக் கொடுக்க முடிந்தவர்களால் மறுக்கவும் முடியும். பிரதிநிதித்துவத்தின் சட்ட அடித்தளமே ராஜாவின் அவசரத்தில்தான் போடப்பட்டது.

பிறகு படிப்படியாக. 1340 சட்டம், பார்லிமென்டின் பொது ஒப்புதல் இல்லாமல் வரி இல்லை என்றது. 1376இல் பீட்டர் டி லா மேர் காமன்ஸ் சபையின் (தேர்ந்தெடுத்தவர்களின் கீழ்சபை) சார்பாகப் பேசுகிறார். ஸ்பீக்கர் என்ற பெயரே அப்படி வந்தது, சபையின் முடிவை ராஜாவிடம் போய்ச் சொல்கிறவர். நம் "சபாநாயகர்" என்ற சொல்லில் அந்த அர்த்தம் தெரிவதில்லை. 1401இல் காமன்ஸ் ஒரு படி மேலே போய், எங்கள் மனுக்களுக்கு முதலில் பதில், பிறகு பணம் என்று கேட்டது. நான்காம் ஹென்றி அது வழக்கமில்லை என்று மறுத்தார். அதே ஹென்றி 1407இல், பண மானியம் காமன்ஸில்தான் ஆரம்பிக்க வேண்டும், அதை அறிவிப்பவர் ஸ்பீக்கராக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

#3 தேன்மொழி

ஒரு சந்தேகம். 1340லேயே ஒப்புதல் இல்லாமல் வரி இல்லை என்று சட்டம் இருந்தால், முதலாம் சார்லஸ் 1629லிருந்து 1640 வரை 11 வருடம் பார்லிமென்டே இல்லாமல் எப்படி ஓட்டினார்? செலவுக்கு எங்கே போனார்?

#4 கணக்கப்பிள்ளை

நல்ல கேள்வி. சட்டத்தில் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் கையை விட்டார்.

முதலில் சுங்கம். ஒவ்வொரு டன் பீப்பாய் ஒயினுக்கும், ஒவ்வொரு பவுன் மதிப்புள்ள சரக்குக்கும் இவ்வளவு என்று ஒரு வரி. நெடுங்காலமாகப் புது ராஜா வந்ததும் ஆயுள் முழுவதற்கும் அதைக் கொடுத்துவிடுவது பழக்கமாகியிருந்தது. 1625இல் காமன்ஸ் சார்லஸுக்கு ஒரே ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்போம் என்றது. அந்த மசோதா பிரபுக்கள் சபையில் நின்றுபோனது. சட்டப்படி அவருக்கு ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை, ஆனாலும் வசூலித்தார். தவணையைச் சுருக்க வேண்டும் என்ற யோசனை அப்போதே இருந்தது, அதை நிறைவேற்றும் பலம் இல்லை.

அடுத்து பழைய ஏடுகளிலிருந்து தூசி தட்டிய உரிமைகள். வருடத்துக்கு 40 பவுன் நில வருமானம் இருந்தும் முடிசூட்டு விழாவில் நைட் பட்டம் வாங்க வராதவருக்கு அபராதம். பழைய அரச காட்டு எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவருக்கு அபராதம். சோப்பு செய்வதற்கு ஏகபோக உரிமம்.

பெரியது கப்பல் பணம். கடற்கரை ஊர்கள் போர்க்காலத்தில் கப்பல் கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். 1634இல் அதைத் துறைமுக ஊர்களிடம் பணமாகக் கேட்டார், 1635இல் கடலையே பார்க்காத உள்மாவட்டங்களுக்கும் நீட்டினார். மாவட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை, அதைப் பிரித்து வசூலிப்பது ஷெரீஃபின் தலையில். முழு நாட்டுக்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுன். ஜான் ஹாம்ப்டன் தன் நிலமொன்றுக்கு விதித்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்தார். 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம், 5 பேர் எதிர்ப்பக்கம். வழக்கில் ராஜா வென்றார். ஆனால் ஐந்து நீதிபதிகள் எதிர்த்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் போய்விட்டது. 1639இல் கேட்ட தொகையில் சிறு பகுதிதான் தேறியது.

இந்த ஏற்பாடு எல்லாமே சமாதான காலத்துக்கு மட்டும் தாங்கும். ஸ்காட்லாந்தில் கிளர்ச்சி வந்து படை திரட்ட வேண்டி வந்ததும் உடைந்தது.

#5 பொருநை

அந்த உடைவில் ஒரு தொகையை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: நாளொன்றுக்கு 850 பவுன். 1640இல் ஸ்காட்லாந்துப் படை நியூகாசிலைப் பிடித்தது. அக்டோபரில் ரிப்பன் ஒப்பந்தப்படி, பேச்சுவார்த்தை முடியும்வரை அந்தப் படைக்கு சார்லஸ் தினமும் 850 பவுன் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் படை தெற்கே நகரும். கட்ட வேண்டுமானால் பார்லிமென்ட் வேண்டும். அந்த வருட ஏப்ரலில் கூட்டிய சபையை மூன்றே வாரத்தில் கலைத்த அதே ராஜா, நவம்பரில் கூடிய சபையைக் கலைக்க முடியாமல் போனது இதனால்தான்.

அந்த சபை 1641 பிப்ரவரியில் இயற்றிய மூன்றாண்டுச் சட்டத்தைப் படித்தால், சட்டம் எழுதுவது எப்படி என்று தெரியும். மூன்று வருடத்துக்குள் பார்லிமென்ட் கூட வேண்டும் என்று மட்டும் சொல்லி விடவில்லை. ராஜா அழைக்காவிட்டால் அவர் முத்திரை அமைச்சர் அழைக்க வேண்டும், அவரும் தவறினால் பிரபுக்கள் கூடி அழைப்போலை விட வேண்டும், அதுவும் நடக்காவிட்டால் ஷெரீஃபுகள் தாமே தேர்தல் நடத்த வேண்டும், அவர்களும் நடத்தாவிட்டால் வாக்காளர்களே கூடித் தேர்ந்துகொள்ளலாம். கூடிய சபையை 50 நாளுக்குள் கலைக்கவும் முடியாது.

1664இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் இதை ரத்து செய்து புதிதாக ஒன்று போட்டார்கள். மூன்று வருடம் என்ற காலக்கெடு அப்படியே இருந்தது. ராஜா அழைக்காவிட்டால் என்ன என்ற ஏணி மட்டும் காணாமல் போனது. விளைவு: 1681இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய சபையை ஒரே வாரத்தில் கலைத்தார், 1685இல் இறக்கும்வரை வேறு சபை கூட்டவில்லை. 1684லேயே சட்டம் மீறப்பட்டுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலக்கெடு வைத்துவிட்டு, தவறினால் என்ன என்று எழுதாத சட்டங்களை இன்றும் பார்க்கிறோம். கெடு மட்டும் யாரையும் கட்டாது.

#6 கணக்கப்பிள்ளை

பொருநை சொன்ன 1681-85க்குப் பண விளக்கமும் சேர்க்கிறேன், ஏனென்றால் காமன்ஸ் செய்த மிகப் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது.

உள்நாட்டுப் போர், ராஜா இல்லாத ஆட்சி எல்லாம் முடிந்து 1660இல் மன்னராட்சி திரும்பியபோது இரண்டாம் சார்லஸுக்கு வருடம் 12 லட்சம் பவுன் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு சுங்கமும் கலால் வரியும் ஆயுளுக்கும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அவ்வளவு வரவில்லை. பற்றாக்குறையை நிரப்ப 1662இல் அடுப்பு வரி போட்டார்கள், அடுப்புக்கு வருடம் 2 ஷில்லிங். அந்தப் பற்றாக்குறை இருந்த வரைக்கும் ராஜா சபையிடம் வந்துகொண்டிருந்தார். பிறகு கடல் வணிகம் வளர்ந்தது, விகிதம் மாறாமலே சுங்க வசூல் ஏறியது. 1681க்குப் பிறகு அவருக்கு சபை தேவைப்படவில்லை.

தொகையை நிர்ணயிக்காமல் வரியை ஆயுளுக்கும் கொடுத்தால் இதுதான் நடக்கும். நாட்டின் வளர்ச்சி முழுவதும் ராஜாவின் சுதந்திரமாக மாறிவிடும்.

1685இல் அதே தவறை இன்னும் பெரிதாகச் செய்தார்கள். இரண்டாம் ஜேம்ஸுக்கு அண்ணனின் வரிகள் எல்லாம் ஆயுளுக்கும், அண்ணன் மகன் மான்மவுத் செய்த கலகத்தைக் காட்டிக் கூடுதல் வரிகளும். வருடம் 20 லட்சம் பவுன் அளவுக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் குறைவாக இருந்த படையை அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 ஆக்கினார். நவம்பரில் சபையை ஒத்திவைத்தார், அதன்பின் அது கூடவே இல்லை.

1688 டிசம்பரில் ஜேம்ஸ் ஓடி, 1689இல் அவர் மகள் மேரியும் மருமகன் வில்லியமும் அரியணைக்கு வந்தபின் எல்லோரும் பேசுவது உரிமைச் சட்டத்தை. நான் பார்க்கச் சொல்வது 1690. கலால் வரி ஆயுளுக்கு, சுங்கம் நான்கே வருடத்துக்கு. வில்லியமுக்குக் கடும் கோபம், உங்களை மீட்க வந்த என்னை நம்ப மாட்டீர்களா என்று. சபை அசையவில்லை. பிரான்ஸோடு நடந்த போருக்கு வருடம் 50 லட்சம் பவுனுக்கு மேல் தேவைப்பட்டது. நில வரி பவுனுக்கு 4 ஷில்லிங், அதாவது வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 20 லட்சம் தரும். அதையும் வருடா வருடம்தான் கொடுத்தார்கள். எந்தப் பணம் எதற்கு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1691இல் கணக்குச் சரிபார்க்க ஆணையம். 1698இல் ராஜாவின் குடும்பம், சிவில் நிர்வாகம் இரண்டுக்கும் சேர்த்து ஆயுளுக்கு 7 லட்சம் பவுன் என்று எண்ணிக்கை போட்டுக் கட்டினார்கள். மிஞ்சினால் சபையைக் கேட்க வேண்டும்.

படைக்கும் தவணை. 1628 உரிமை மனு சமாதான காலத்தில் இராணுவச் சட்டத்தைத் தடுத்திருந்தது. ஆகவே ஓடிப்போகும் சிப்பாயைப் படை நீதிமன்றத்தில் நிறுத்த தனிச் சட்டம் வேண்டும். 1689 மார்ச்சில் இப்ஸ்விச்சில் ஒரு ரெஜிமென்ட் கலகம் செய்ததும் அவசரமாக ஒரு சட்டம் வந்தது, அந்த நவம்பர் 10 வரை மட்டும் செல்லும். பிறகு வருடந்தோறும் புதுப்பித்தார்கள். 1698லிருந்து 1702 வரை புதுப்பிக்காமல் விட்ட இடைவெளியும் உண்டு, அது முழுக் கட்டுப்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1689க்குப் பிறகு பார்லிமென்ட் கூடாத வருடம் ஒன்றுகூட இல்லை.

#7 வடதுருவம்

கணக்கப்பிள்ளை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பணப்பை கையில் இருந்தும் தோற்ற சபை ஒன்று இருக்கிறது. பிரஷ்யா, பின்னால் ஜெர்மன் பேரரசை உருவாக்கிய ராஜ்யம்.

1850 அரசியல் சட்டம் 99ஆம் பிரிவு: வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் சட்டமாக வேண்டும். அழகான வரி. 109ஆம் பிரிவு: இருக்கும் வரிகள் தொடர்ந்து வசூலிக்கப்படும். இந்த இரண்டாவது வரி முதலாவதைத் தின்றுவிட்டது. சபை பட்ஜெட்டை மறுத்தால் செலவுக்கு அனுமதி இல்லையே தவிர, வரவு நிற்காது.

1860இல் படைச் சீர்திருத்தம் வந்தது. வருடத்துக்கு 40,000 பேர் என்ற ஆளெடுப்பை 63,000 ஆக்குவது, மூன்று வருட சேவையைக் கறாராக நிலைநிறுத்துவது. மூன்றாண்டு சேவை கீழ்சபைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் "தற்காலிகமாக" ஒரு வருடத்துக்குப் பணம் கொடுத்தது, அடுத்த வருடமும் கொடுத்தது. அந்தத் தற்காலிகப் பணத்தில் ராஜா நிரந்தர ரெஜிமென்ட்களை அமைத்துக் கொடிகளையும் வழங்கிவிட்டார். 1862 செப்டம்பர் 23 அன்று சபை அந்தச் செலவை வெட்டியபோது கலைக்க வேண்டியது ஏற்கெனவே நிற்கும் படை. அதே நாளில் பிஸ்மார்க் பிரதமர் பதவிக்கு வந்தார். ராஜா, மேல்சபை, கீழ்சபை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் என்ன என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை, அந்த இடைவெளியில் அதிகாரம் ராஜாவிடமே இருக்கிறது என்றார். 1866 வரை பட்ஜெட் சட்டம் இல்லாமலே வசூலித்தார், செலவழித்தார். வரி தவிர அரசு நிலங்களின் வருமானமும் இருந்தது, 1865இல் கொலோன்-மிண்டன் ரயில்வேயில் அரசுக்கு இருந்த உரிமைகளையும் விற்றுப் பணமாக்கினார். ஆஸ்திரியாவைத் தோற்கடித்த கையோடு 1866 செப்டம்பர் 3 அன்று சபையே முன்தேதியிட்டு மன்னித்தது, 230க்கு 75.

#8 கணக்கப்பிள்ளை

வடதுருவம், நீங்கள் எனக்கு எதிராகச் சொல்லவில்லை, எனக்காகத்தான் சொல்கிறீர்கள். 109ஆம் பிரிவு என்பது காலாவதி இல்லாத வரி. தவணை இல்லாத பணப்பை சபையின் பணப்பையே இல்லை. ஜெர்மன் பேரரசு வந்தபின்னும் சண்டை தவணையைப் பற்றித்தானே? 1874இல் படைச் செலவை ஏழு வருடத்துக்கு ஒரேயடியாக வாங்கிக்கொண்டார்கள். 1893இல் அது ஐந்து வருடமாக இறங்கியது. சபையின் தேர்தல் காலத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ராஜாவுக்கும் சபைக்கும் உள்ள தூரம் தெரியும்.

#9 வடதுருவம்

ஒப்புக்கொள்கிறேன், பிரஷ்யாவில் வரியின் ஆயுள்தான் சிக்கல். ஆனால் நார்வேயை உங்கள் கயிற்றால் கட்ட முடியாது.

1814 மே 17 எய்ட்ஸ்வோல் அரசியல் சட்டப்படி வரி விதிப்பது ஸ்டோர்டிங் சபைதான், அதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகமில்லை. இருந்தும் எழுபது வருடம் அமைச்சர்களை நியமித்தது ராஜா, அவர்கள் பதில் சொன்னதும் ராஜாவுக்கு. காரணம், அமைச்சர்கள் சபைக்குள் உட்காரவே முடியாது. பணத்தைக் கொடுக்கிறவரும் செலவழிக்கிறவரும் நேருக்கு நேர் சந்திக்காத ஏற்பாடு.

இதை மாற்ற, அமைச்சர்கள் சபைக்கு வந்து விவாதத்தில் பங்கெடுக்க வேண்டும் என்ற திருத்தத்தை 1872இல் நிறைவேற்றினார்கள். ராஜா ஒப்பவில்லை. 1874, 1877, 1880 என்று திரும்ப நிறைவேற்றினார்கள். 79ஆம் பிரிவின்படி மூன்று தேர்தல்களுக்குப் பின் வந்த மூன்று சபைகள் மாற்றாமல் நிறைவேற்றிய சட்டம் ராஜாவின் ஒப்புதல் இல்லாமலே செல்லும். ஸ்வீடன், நார்வே இரண்டுக்கும் ராஜாவான இரண்டாம் ஆஸ்கர், அந்தப் பிரிவு சாதாரணச் சட்டங்களுக்கு மட்டும், அரசியல் சட்டத் திருத்தத்தில் என் தடுப்பு முழுமையானது என்றார். 1880 ஜூன் 9 அன்று ஸ்டோர்டிங் அது சட்டமாகிவிட்டது என்று தானே அறிவித்தது.

முட்டுச்சந்தை உடைத்தது வழக்கு. ஸ்டோர்டிங் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும், முக்கால் பங்கு குற்றம்சாட்டும், கால் பங்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகளோடு சேர்ந்து விசாரிக்கும். 1882 தேர்தலில் இடதுசாரிகள் பெரும் வெற்றி பெற்றதும் அந்தக் கால் பங்கை முழுக்கத் தம் ஆட்களால் நிரப்பினார்கள். 1884 பிப்ரவரியில் பிரதமர் செல்மர், ராஜாவுக்குத் தவறான ஆலோசனை சொன்னதற்காகப் பதவி இழந்தார். இடையில் ஏப்ரலில் ஓர் அமைச்சரவையை ராஜா முயன்று பார்த்தார், நிற்கவில்லை. ஜூன் 26 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ஸ்வெர்ட்ரூப் பிரதமர். பணம் இங்கே பின்னணியில்தான் இருந்தது. முன்னால் நின்றது, ராஜாவின் ஆளை சபை தண்டிக்கலாம் என்பது.

#10 கல்வெட்டு

அந்தக் கத்தி இங்கிலாந்திலும் உண்டு. 1376இலேயே லாட்டிமர் பிரபுவைக் காமன்ஸ் குற்றம்சாட்டியது. ராஜா தவறு செய்ய மாட்டார், ஆகவே செய்தது அமைச்சர் என்பதுதான் தர்க்கம். 1679இல் தன் அமைச்சர் டான்பிக்கு இரண்டாம் சார்லஸ் மன்னிப்பு எழுதிக் கொடுத்து விசாரணையைத் தடுக்கப் பார்த்தார். 1701 வாரிசுச் சட்டம் அந்த வழியை அடைத்தது, குற்றச்சாட்டுக்கு எதிராக அரச மன்னிப்பைக் காட்ட முடியாது என்று.

அதே 1701 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. ராஜாவிடம் சம்பளம் வாங்குகிறவர் காமன்ஸில் உறுப்பினராக இருக்கக்கூடாது. நல்ல நோக்கம்தான், பதவி கொடுத்து உறுப்பினர்களை விலைக்கு வாங்குவதைத் தடுப்பது. அது அமலுக்கு வந்திருந்தால் இங்கிலாந்து அமைச்சர்களும் நார்வே அமைச்சர்கள் போல வெளியே நின்றிருப்பார்கள். வருவதற்கு முன்பே 1706இல் திருத்தினார்கள்: பதவி ஏற்றால் இடம் காலி, ஆனால் மறுபடி தேர்தலில் நின்று வரலாம். அந்த இடைத்தேர்தல் முறை 1926 வரை இருந்தது. அமைச்சர் ஒருகால் அரண்மனையிலும் ஒருகால் சபையிலும் வைத்தது இந்தத் திருத்தத்தால்தான்.

தேதி பற்றி ஒரு குறிப்பு. ராணி ஆன் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசிச் சம்பவத்தை 1707 என்றும் 1708 என்றும் பார்ப்பீர்கள். நாள் மார்ச் 11. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது, அதனால்தான் இரட்டைக் கணக்கு. நம் கணக்கில் 1708.

#11 பொருநை

எல்லோரும் 1689லேயே நிற்கிறீர்கள். 1784ஐத் தாண்டாமல் இந்தக் கதை முடியாது.

1783 டிசம்பரில் மூன்றாம் ஜார்ஜுக்கு ஃபாக்ஸ்-நார்த் அமைச்சரவை பிடிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் அவர்களின் இந்தியா மசோதாவுக்கு வாக்களிப்பவர் என் பகைவர் என்று டெம்பிள் பிரபு மூலம் பிரபுக்கள் சபைக்குச் சொல்லி அனுப்பினார். மசோதா தோற்றது, அமைச்சரவையை நீக்கினார், 24 வயது பிட்டைப் பிரதமராக்கினார். காமன்ஸில் பிட்டுக்குப் பெரும்பான்மை இல்லை, வாரா வாரம் தோற்றார். சபையிடம் பணப்பை இருந்தது, படைச் சட்டத்தின் தவணை மார்ச் 25இல் முடிய இருந்தது. கணக்கப்பிள்ளையின் கயிறு முழுசாக சபையின் கையில். இழுக்கவில்லை. படை கலையும், கடன் பத்திரங்கள் சரியும், பழி நம்மேல் என்ற பயம். பெரும்பான்மை கரைந்து மார்ச் 8 அன்று 191க்கு 190 என்று ஒற்றை வாக்கில் நின்றது. சபை கலைந்தது, தேர்தலில் பிட் பெரும் வெற்றி.

1834 நவம்பரில் நான்காம் வில்லியம் அதே மாதிரி பிரதமர் மெல்பர்னை நீக்கி, பீலைக் கொண்டுவந்தார். தேர்தல் நடந்தது. பீலின் இடங்கள் கூடின, ஆனால் பெரும்பான்மை வரவில்லை. 1835 ஏப்ரலில் மெல்பர்ன் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எந்த பிரிட்டிஷ் மன்னரும் அமைச்சரவையை நீக்கிப் பார்க்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்களை வைத்துக்கொண்டு ஓல்டு சேரம் (Old Sarum) என்ற தொகுதி இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது, மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட தொகுதிகள் இருந்தவரை கருவூலப் பணமும் புரவலர் செல்வாக்கும் ராஜாவின் அமைச்சருக்குப் பெரும்பான்மையைச் செய்து தரும். சீர்திருத்தச் சட்டம் அதை எடுத்ததும் ராஜாவால் தேர்தலைத் தயாரிக்க முடியவில்லை. தவணை ராஜாவை சபைக்கு வரவழைத்தது, உண்மை. சபையில் யார் உட்காருகிறார்கள் என்பது அவர் கையை விட்டுப் போன பிறகுதான் பங்கீடு முடிந்தது.

#12 கீழைக்கரை

ஜப்பானையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே பிரஷ்யாவின் ஓட்டையைத் தெரிந்தே சட்டமாக எழுதினார்கள். 1889 மெய்ஜி அரசியல் சட்டம் 71ஆம் பிரிவு: பட்ஜெட் நிறைவேறாவிட்டால் போன வருட பட்ஜெட்டையே அரசு நடத்தும். 67ஆம் பிரிவு: நிலையான செலவுகளை அரசின் சம்மதம் இல்லாமல் சபை குறைக்க முடியாது. வாக்குரிமை 15 யென் நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு, மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில்.

இவ்வளவு பூட்டு போட்டும் ஏன் சபையிடம் இறங்கி வந்தார்கள்? போன வருடத் தொகை இந்த வருடத்துக்குப் போதாது. புதுப் போர்க்கப்பல் வேண்டும், புது வரிக்கு 62ஆம் பிரிவின்படி சபையின் சட்டம் வேண்டும். 1893இல் சபை கப்பல் பணத்தை வெட்டியபோது, பேரரசர் தன் அரண்மனைச் செலவிலிருந்து வருடம் 3 லட்சம் யென் வீதம் ஆறு வருடம் தருகிறேன், அதிகாரிகள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும் என்று ஆணையிட்டுச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. 1900இல் அந்த அரசியல் சட்டத்தை எழுதிய இட்டோவே கட்சி தொடங்கினார். 1918இல் கீழ்சபை உறுப்பினரான ஹரா பிரதமரானார். ஆனால் படை அமைச்சர்கள் பொறுப்பு பேரரசருக்கு மட்டும் என்ற பகுதி தொடப்படவே இல்லை, 1930களில் எல்லாம் அங்கேயிருந்துதான் கிழிந்தது.

#13 நாஞ்சில்வாசி

நம் பக்கத்து உதாரணம்: திருவிதாங்கூர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு 1956 நவம்பர் 1க்கு முன் அந்த ராஜ்யத்தில்தான். 1888இல் சட்டசபை, 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை, 1932இல் இரண்டு அவைகள். பிரஜா சபை என்பது குறைகளை எடுத்துச் சொல்லும் இடம், அவ்வளவுதான். தேர்தல், வாக்கு, அவை எல்லாம் பிறகு வந்தும் திவான் பதில் சொன்னது மகாராஜாவுக்கு மட்டும். அதனால்தான் 1938இலிருந்து கோஷம் "பொறுப்பாட்சி" என்று இருந்தது. கேட்டது இன்னொரு சபையை அல்ல, சபைக்குப் பொறுப்பான அமைச்சரவையை. வந்தது 1948இல், வயது வந்தோர் வாக்குரிமைத் தேர்தலுக்குப் பின், பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில். நார்வே பற்றி வடதுருவம் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

#14 தேன்மொழி

முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். மானியக் கோரிக்கை ராஜா காலத்துச் சொல் என்றால், நம் நடைமுறையில் வேறு என்னவெல்லாம் அங்கிருந்து வந்தவை? ஆளுநர் பரிந்துரை இல்லாமல் கோரிக்கை வைக்க முடியாதாமே, அதுவுமா?

#15 கணக்கப்பிள்ளை

அதுவும்தான். அரசியல் சட்டம் 203ஆம் பிரிவு: ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையும் இல்லை. சபை சம்மதிக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. இதற்கு வேர் 1706இல் காமன்ஸ் எடுத்த ஒரு தீர்மானம், 1713இல் அது நிலையாணை (சபையின் நிரந்தர விதி) ஆனது: மகுடம் பரிந்துரைக்காத எந்தப் பண மனுவையும் சபை ஏற்காது. அப்போது போர்க்காலம், ஆளாளுக்கு நஷ்டஈடு, ஓய்வூதியம் என்று மனுக்களோடு சபைக்கு வந்து, உறுப்பினர்கள் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் கையையே கட்டிக்கொள்ள சபை போட்ட விதி அது.

வெட்டுத் தீர்மானமும் அங்கிருந்துதான், 1401இல் மறுக்கப்பட்ட "குறைக்கு முதலில் பதில், பிறகு பணம்" என்ற கோரிக்கையின் பேரன். மக்களவை விதிப்படி, கொள்கையை எதிர்ப்பவர் கோரிக்கைத் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார், ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்ல விரும்புகிறவர் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வார்.

வாக்கெடுப்பே இல்லாத செலவும் உண்டு. 202ஆம் பிரிவில் ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், கடனுக்கான வட்டி. விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. இது 1787இல் பிரிட்டன் எல்லா வரவையும் ஒரே தொகுப்பு நிதியாகச் சேர்த்து, கடன் வட்டியை அதன்மேல் நிரந்தரமாக ஏற்றிய முறையின் தொடர்ச்சி. 1672இல் இரண்டாம் சார்லஸ் கருவூலத்திலிருந்து கடன்காரர்களுக்குக் கொடுப்பதை ஒரே நாளில் நிறுத்தினார். 1694இல் புதிய இங்கிலாந்து வங்கி 8 சதவிகித வட்டிக்கு 12 லட்சம் பவுன் கடன் கொடுத்தது, பார்லிமென்ட் ஒதுக்கிய வரிகளை நம்பி. வட்டி வருடாந்தரச் சண்டையில் சிக்கினால் அந்த நம்பிக்கை போய்விடும், அதனால் அதை மட்டும் தவணைக்கு வெளியே வைத்தார்கள்.

பொருநை 1832 பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. 1784இல் கயிற்றை இழுக்க சபை ஏன் பயந்தது என்பதற்கு அந்தக் கடன் பத்திரங்களே ஒரு காரணம் என்று மட்டும் சேர்ப்பேன்: அவற்றை வைத்திருந்தவர்களில் பலர் அந்த சபையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

#16 கல்வெட்டு

தேன்மொழிக்கு இன்னொன்று. இப்ஸ்விச் கலகத்துக்குப் போட்ட அந்தத் தவணை பிரிட்டனில் இன்னும் ஓடுகிறது. படைச் சட்டத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக நிறைவேற்ற வேண்டும், இடைப்பட்ட ஒவ்வொரு வருடமும் இரு அவைகளும் ஓர் ஆணைக்கு ஒப்புதல் தர வேண்டும். விட்டுவிட்டால் அந்தச் சட்டம் காலாவதியாகும், மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் சிப்பாய்க்கு இருக்காது.